மின்னல் அக்கா ஏற்றிவைத்த லெவல்

மின்னல் அக்கா என்ற பெயர் அவளுக்கு வந்ததில் பெருமை ஒன்றும் கிடையாது. வேகமாக வேலை செய்வாள், அதனால் மின்னல் என்று கடைக்குப் புதிதாக வருகிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். அவளும் மறுத்துச் சொல்வதில்லை. நடந்தது வேறு. தொழிற்சாலை மெஷின்களின் எலெக்ட்ரானிக் போர்டுகளைப் பழுதுபார்க்கும் அந்தக் கடையில் அவள் சேர்ந்த புதிது. ஏதோ ஒரு மில்லிலிருந்து வந்த போர்டை ஆசிலோஸ்கோப்பில் மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவள், திடீரென்று நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, "பிடிச்சுட்டேன்! உள்ளே மின்னல் மாதிரி ஒண்ணு வருது, வந்து பாருங்க!" என்று கத்திவிட்டாள். கடையே ஓடிவந்தது. முதலாளி திரையைப் பார்க்கவில்லை, போர்டைத் தொட்டுப் பார்க்கிற கம்பியான ப்ரோபைத்தான் பார்த்தார். அதன் எர்த் கிளிப் எதிலும் மாட்டாமல் தொங்கிக்கொண்டிருந்தது. கிளிப் மாட்டாத ப்ரோப் சுற்றுவட்டாரத்துக் குப்பையையெல்லாம் வாரிக்கொண்டு வரும். அவள் பிடித்த மின்னல் மேசைவிளக்கின் மின் இரைச்சல்.

அன்று சிரித்தார்கள் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்துகொண்டு சிரித்தார்கள். மறுநாள் அவள் வாசலில் நுழையும்போதே, "மின்னல் வந்துடுச்சு, குடையை எடு" என்றான் ஒருவன். அவளும் சேர்ந்து சிரித்தாள். சிரிக்காமல் வேறு என்ன செய்வது? வீட்டுக்குப் போய்க் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள். அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம் ஓடிவிட்டது. மின்னல் என்பது மின்னல் அக்கா ஆயிற்று, தலை பாதி நரைத்தது. கடையில் அவளைவிடப் பழைய ஆள் என்றால் முதலாளி ஒருவர்தான். ஆனால் அந்தச் சிரிப்பு மட்டும் அவள் காதைவிட்டுப் போகவில்லை. போயிருந்தால் அவள் தம்பியின் கதை வேறாக இருந்திருக்கும்.

ஸ்கோப் என்பது பெரிய மாயமந்திரம் இல்லை. கம்பியில் வோல்டேஜ் ஏறுவதையும் இறங்குவதையும் திரையில் கோடாக வரைந்து காட்டும், அவ்வளவுதான். எப்போது வரையத் தொடங்குவது என்று அதற்குச் சொல்லிவைப்பதற்குப் பெயர் ட்ரிகர். ஆட்டோவில் வைத்தால் ஏதாவது வந்தாலும் வராவிட்டாலும் வரைந்துகொண்டே இருக்கும், யாரும் தட்டாமலே கதவைத் திறந்து திறந்து பார்க்கிற ஆள் மாதிரி. நார்மலில் வைத்தால் தட்டினால்தான் திறக்கும்; அதுவரை திரை வெறுமனே கிடக்கும். சிங்கிளில் வைத்தால் ஒரே ஒரு தடவை திறந்து, வந்ததைப் பிடித்து அப்படியே நிறுத்திவிடும், பிறகு அசையாது. எவ்வளவு பலமாகத் தட்டினால் திறக்கலாம் என்பது லெவல். அதற்கு ஒரு குமிழ் உண்டு. இறக்கிவைத்தால் காற்று அடித்தாலும் திறக்கும். ஏற்றிவைத்தால் கதவை உடைக்கிற மாதிரி இடிக்க வேண்டும்.

ஐந்து வோல்ட் சிக்னல் என்றால் லெவலைப் பாதியில், இரண்டரையில் வை என்பது கடைப் பழக்கம். மின்னல் அக்கா மட்டும் மூன்றில் வைப்பாள். "கொஞ்சம் மேலேயே இருக்கட்டும், குப்பை வராது" என்பாள். மூன்றில் வைக்க ஆரம்பித்த பிறகு அவள் ஒருநாளும் பொய்யாகக் கூச்சல் போட்டதில்லை. நிஜமாக வந்த எதையாவது தவறவிட்டாளா என்றால், அது யாருக்குத் தெரியும்? பிடிபடாதது திரைக்கே வராதே.

தம்பிக்கு வருவோம். அம்மா போனபோது அவனுக்குத் தானாகத் தலைவாரத் தெரியாது. அப்பா அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். சோறு ஊட்டியது, பள்ளிக்கூடத்தில் சேர்த்தது, காய்ச்சல் வந்தால் மடியில் போட்டுக்கொண்டது எல்லாம் அக்காதான். அவளுக்குக் கல்யாணம் நடக்காமலே போனதற்கு அவன் காரணம் இல்லை. ஆனால் அவன்தான் காரணம் என்று சொல்லிக்கொள்வது சொந்தக்காரர்களுக்கு வசதியாக இருந்தது. பையன் நல்லவன்தான், வாய்தான் கொஞ்சம் நீளம். கண்ணாடித் தம்ளரை உடைத்துவிட்டுக் காற்றுத் தள்ளிவிட்டது என்பான். ஜன்னல் சாத்தியிருக்கிறதே என்றால், "அதுக்கு முன்னாடி அடிச்ச காத்துக்கா" என்பான். கதை விடுகிறவன் என்று பெயர் எடுத்திருந்தான். அவன் காதைத் திருகித் திருகி அக்காவின் விரல்தான் காய்த்துப்போனது.

வளர்ந்து அச்சகம் ஒன்றில் காகிதம் வெட்டும் மெஷினில் சேர்ந்தான், கல்யாணமும் ஆயிற்று. பெரிய மெஷின். காகிதக் கட்டை உள்ளே தள்ளி, ஓரம் பார்த்து நிறுத்தி, மேசைக்குக் கீழே இரண்டு பக்கமும் உள்ள பட்டன்களை இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்த வேண்டும். அப்போதுதான் கத்தி இறங்கும். இரண்டு கையும் பட்டனில் இருந்தால் கை கத்திக்குக் கீழே இருக்க முடியாதே, அதற்கான ஏற்பாடு. ஆனால் இப்படி வெட்டினால் வேலை நகராது. அதனால் ஒரு பட்டனில் அட்டைத் துண்டைச் செருகிவிட்டு ஒற்றைக் கையால் வெட்டுவது எல்லா அச்சகத்திலும் நடப்பதுதான். தம்பியே ஒருநாள் சாப்பிடும்போது சிரித்துக்கொண்டே சொன்னான்.

"எல்லாரும் செய்யறதுதான்க்கா. ஃபோர்மேனே அளவா அட்டை வெட்டிக் குடுப்பாரு."

"அடப்பாவி! கை போச்சுன்னா அவரா வந்து ஒட்டவைப்பாரு?" என்று அவள் கரண்டியை ஓங்கினாள். இனிமேல் வைக்க மாட்டேன் என்று அவள் தலைமேல் கைவைத்துச் சத்தியம் செய்தான்.

பிறகு அது நடந்தது. வலது கையில் மூன்று விரல்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் மயக்கம் தெளிந்து அவன் சொன்ன முதல் வார்த்தையே, "நான் அட்டை வைக்கலைக்கா" என்பதுதான். காகிதத்தை ஒழுங்குபண்ணிக்கொண்டிருந்தானாம். மூலையில் இருந்த ஏர் கம்ப்ரசர் உறுமிக்கொண்டு ஓட ஆரம்பித்ததாம். அதே நொடியில் கத்தி தானாக இறங்கிவிட்டதாம். ஃபோர்மேன் சொன்னது வேறு. பட்டனில் அட்டை இருந்தது, என் கண்ணால் பார்த்தேன் என்றார் அவர். பார்த்தவர் அவர் ஒருவர்தான். அட்டை வைத்தான் என்று ஆகிவிட்டால் தப்பு அவனுடையது, வேலையும் போகும், எந்த அச்சகத்திலும் வாசற்படி ஏற்ற மாட்டார்கள். மெஷின்தான் தப்பு என்றால் அவன் கை நஷ்டத்துக்கு அச்சகம் பதில் சொல்ல வேண்டும், அவன் பேரும் நிற்கும்.

"அக்கா, உன் ஸ்கோப்ல தெரியும்ல? அந்த போர்டுல ஏதோ இருக்கு. நீ பாரு. நீ பார்த்துச் சொன்னா நம்புவாங்க" என்றான்.

அவள் தலையாட்டினாள். ஆனால் உள்ளே ஒரு மூலையில், ஜன்னல் சாத்தியிருக்கும்போது அடித்த காற்று ஞாபகத்துக்கு வந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. தனக்கே சொல்லிக்கொள்ளவில்லை.

அந்த அச்சகத்து மெஷின்களையெல்லாம் பழுதுபார்ப்பது அவள் கடைதான். அதனால் அவள் கேட்டுக்கொண்டதும், விபத்தை விசாரிக்க வந்த அதிகாரி, சரி, ஒரு மத்தியானம் மெஷினிலேயே வைத்துச் சோதித்துக் காட்டுங்கள் என்று சம்மதித்தார். மின்னல் அக்கா ஸ்கோப்பைத் தூக்கிக்கொண்டு போனாள். அச்சகத்துக்குள் மையும் காகிதத் தூசியும் கலந்த வாசனை. கத்தியைக் கழற்றி வைத்திருந்தார்கள். கைக்கட்டோடு தம்பி சுவரோரம் நின்றான். இரண்டு பட்டனும் அழுத்தியதாக போர்டுக்குச் சேதி போகிற கம்பியில் ப்ரோபை மாட்டினாள். அழுத்தாதபோது அதில் ஒன்றும் இருக்கக் கூடாது, பூஜ்யம். அழுத்தினால் ஐந்து வோல்ட். ஆனால் போர்டில் இருக்கிற சிப் ஐந்துவரை காத்திருக்காது, இரண்டைத் தாண்டினாலே அழுத்தியதாக எடுத்துக்கொள்ளும். இது அவளுக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். அதனால் அன்று வழக்கத்துக்கு மாறாக லெவலை ஒன்றே முக்காலில் இறக்கிவைத்தாள். ட்ரிகர் நார்மல். திரை வெறுமையாயிற்று.

"என்னம்மா, ஒண்ணும் தெரியலையே?" என்றார் அதிகாரி.

"தெரியக் கூடாது சார். வரக்கூடாதது வந்தாத்தான் இதுல கோடு விழும். கம்ப்ரசர் ஓட ஆரம்பிக்கட்டும், பாருங்க."

அதிகாரி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். இருட்டாக இருக்கிறதே என்று யாரோ டியூப்லைட் சுவிட்சைத் தட்டினார்கள். தட்டியதுதான் தாமதம், திரையில் சரேலென்று முள் மாதிரி ஒரு கோடு விழுந்தது.

அவள் கை தானாக எர்த் கிளிப்புக்குப் போயிற்று. கிளிப் இறுக்கமாகத்தான் மாட்டியிருந்தது. அதைப் பார்த்த பிறகாவது அவள் நின்று யோசித்திருக்க வேண்டும். கிளிப் சரியாக இருந்தும் ஒரு டியூப்லைட் இரைச்சல் இவ்வளவு உயரம் ஏறுகிறதென்றால் அதுதானே நோய்! ஆனால் அதற்குள் ஃபோர்மேன் வாயைத் திறந்துவிட்டார்.

"என்ன மேடம், லைட்டுப் போட்டாலே கத்தி இறங்கும்னு சொல்வீங்க போலிருக்கே! சும்மாவா உங்களுக்கு மின்னல்னு பேர் வச்சாங்க?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அதிகாரியும் சிரித்துவிட்டார். அவருக்கு அந்தப் பெயரின் கதைகூடத் தெரியாது, மரியாதைக்குச் சிரித்தார். மின்னல் அக்காவின் காதில் பழைய சிரிப்பும் புதுச் சிரிப்பும் சேர்ந்து இரைந்தன. முகம் சிவந்து, "அது வெறும் இரைச்சல் சார், லைட்டோட இரைச்சல். இதோ, சரி பண்ணிடறேன்" என்றாள். சொல்லிக்கொண்டே லெவல் குமிழைத் திருகினாள். அது இரண்டைத் தாண்டி, இரண்டரையைத் தாண்டி, அவள் கைக்குப் பழகிய மூன்றில் போய் நின்றது.

"இப்பப் போடுங்க லைட்டை" என்றாள். போட்டார்கள், அணைத்தார்கள், திரும்பப் போட்டார்கள். திரையில் ஒன்றும் வரவில்லை. "பார்த்தீங்களா?" என்றாள், ஜெயித்துவிட்டவள் மாதிரி. என்ன ஜெயித்தாளோ!

அப்புறம் கம்ப்ரசர் ஓடியது, நின்றது, மறுபடி ஓடியது. ஒவ்வொரு தடவை அது உறுமும்போதும் தம்பி சுவரைவிட்டு ஒரு அடி முன்னால் வந்து எட்டிப் பார்த்தான். திரை வெறுமையாகவே கிடந்தது. சாயங்காலம் ஆயிற்று. அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "போர்டுல கோளாறு இருக்கிற மாதிரி தெரியலைம்மா" என்று எழுந்தார். குரலில் வருத்தம்கூட இருந்தது. மின்னல் அக்கா ஒயர்களைச் சுருட்டினாள்.

பஸ்ஸில் அக்காவும் தம்பியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார்கள்.

"அக்கா, நடுவுல ஒரு குமிழைத் திருகினியே, அது எதுக்கு?"

"அதுவா? இரைச்சல் வராம இருக்கறதுக்கு. தேவையில்லாததெல்லாம் வந்தா குழப்பும்டா."

"ஓ" என்றான். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சில நாள் கழித்து அதே போர்டு அவள் மேசைக்கு வந்து சேர்ந்தது. மெஷினைத் திரும்ப ஓட்டுவதற்கு முன்னால் ஒருதரம் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று சொல்லி அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். மத்தியானச் சாப்பாட்டு வேளை. எல்லோரும் வெளியே போயிருந்தார்கள். அவள் போர்டுக்குக் கரண்ட் கொடுத்தாள், ப்ரோபை மாட்டினாள், நார்மலில் வைத்தாள். லெவல் குமிழைத் தொட்ட கை பழக்கதோஷத்தில் மூன்றுக்கே போனது. சுற்றிப் பார்த்தாள். சிரிக்க ஒருத்தரும் இல்லை. ஒன்றே முக்காலுக்கு இறக்கினாள். ட்ரிகரை சிங்கிளுக்கு மாற்றிவிட்டு, எழுந்துபோய்ப் பின்னால் இருந்த சாணைபிடிக்கும் மெஷினின் சுவிட்சைப் போட்டாள். அதுவும் கம்ப்ரசர் மாதிரி பெரிய மோட்டார்தான். ஒன்றும் வரவில்லை. அணைத்தாள், போட்டாள். ஒன்றும் இல்லை. 'பார்த்தியா, அவன் அட்டைதான் வச்சிருக்கான்' என்று மனசு சொன்னது. மனசு அப்படிச் சொன்னதில் ஒரு நிம்மதி இருந்தது. அந்த நிம்மதியை நினைத்து அவள் பிற்பாடு தலையில் அடித்துக்கொண்டாள்.

அடுத்த தடவை சுவிட்சைப் போட்டதும், மேசையில் இருந்த போர்டில் கத்தியை இறக்கிவிடும் ரிலே சுவிட்ச் 'டக்' என்றது. ஓடிவந்து பார்த்தாள். திரையில் ஒரு ஒற்றை முள் பிடிபட்டு நின்றிருந்தது. உயரம் இரண்டுக்குக் கொஞ்சம் மேலே. மூன்றில் வைத்திருந்தால் தெரிந்திருக்காது. கடைப் பழக்கப்படி இரண்டரையில் வைத்திருந்தால்கூடத் தெரிந்திருக்காது. ஆனால் சிப்புக்கு அது போதும், ரிலேக்கும் போதும். கத்திக்கும் போதுமாக இருந்திருக்கிறது.

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாள். அந்தக் கம்பியில் வருகிற இரைச்சலை விழுங்குவதற்காக வைத்திருக்கும் ஒரு சின்ன கெப்பாசிட்டர். அதன் காலைச் சுற்றியிருந்த ஈயம் மயிரிழை அளவுக்கு விரிசல் விட்டிருந்தது. தொட்டும் தொடாமலும் இருந்த இடம். அதனால்தான் ஒரு நேரம் வருகிறது, ஒரு நேரம் வரவில்லை. "ஐயோ, அன்னைக்கு லைட்டுப் போட்டப்பவே வந்ததே" என்று வாய்விட்டே சொன்னாள். திரையைப் போனில் படம் எடுத்துக்கொண்டாள். பையைக்கூட எடுக்கவில்லை, தம்பியைத் தேடி ஓடினாள்.

வீட்டில் அவன் இல்லை. தம்பி மனைவி கதவைப் பாதி மட்டும் திறந்து, "அச்சகத்துக்குப் போயிருக்காரு அண்ணி, உங்களுக்குத் தெரியாதா?" என்றாள். அண்ணி என்ற வார்த்தையில் முன்பிருந்த ஈரம் இல்லை.

அச்சகத்தின் வாசலில், காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தான் தம்பி. ஒரு வேன் வந்தது. எழுந்துபோய் இடது கையால் கேட்டை இழுத்துத் திறந்து, வேன் போனதும் மூடினான். அதற்குப் பிறகுதான் அவளைப் பார்த்தான்.

"எப்படா சேர்ந்த இங்க? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே!"

"சொல்லி?" என்றான். பிறகு அவனே சொன்னான். "அட்டை வச்சது நான்தான்னு எழுதிக் குடுத்தா கேட்டுல வேலை தர்றதா ஃபோர்மேன் சொன்னாருக்கா. குடுத்துட்டேன். இடது கையால கையெழுத்துப் போட்டேனா, கோழி கிளறின மாதிரி இருந்துச்சு. பரவாயில்லைன்னுட்டாங்க."

அவள் போனை நீட்டினாள். அவன் வாங்கி, வெயிலைக் கையால் மறைத்துக்கொண்டு, ரொம்ப நேரம் பார்த்தான்.

"இதுவாக்கா?"

"இதுதான்டா. நீ சொன்னது நிஜம். நீ அட்டை வைக்கலை. வா, இப்பவே அதிகாரிகிட்டப் போவோம்."

"இவ்ளோ சின்னதா?" என்றான். அந்த முள்ளை இடது கை விரலால் தொட்டுப் பார்த்தான். "நான் என்னமோ பெருசா இருக்கும்னு நினைச்சேன்."

"எந்திரிடா, போலாம்."

"போய்? அன்னைக்குச் சொன்னது நிஜம்னா இப்ப எழுதிக் குடுத்தது பொய். இப்ப எழுதினது நிஜம்னா அன்னைக்குச் சொன்னது பொய். எப்படிப் பார்த்தாலும் பொய் சொன்னவன் நான்தானே? இந்த நாற்காலியும் போகும். விடுக்கா." போனை மடியில் வைத்துக்கொண்டு அவளை நிமிர்ந்து பார்த்தான். "ஆமா, இது ஏன் அன்னைக்கு வரலை?"

மெஷின் அன்று சரியாக இருந்தது என்று சொல்லியிருக்கலாம். ஸ்கோப் பழசு என்று சொல்லியிருக்கலாம். தம்பியும் நம்பியிருப்பான், அக்கா சொன்னால் நம்புகிறவன்தான். அவளுக்கு அதற்கு மேல் முடியவில்லை.

"வந்துச்சுடா. முதல்ல வந்துச்சு. நான்தான் லெவலை ஏத்திட்டேன்."

"ஏன்?"

"சிரிச்சாங்கடா."

உள்ளே அச்சு மெஷின் ஒன்று தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

"சிரிச்சாங்களா," என்றான் மெதுவாக. "அது மட்டும்தானாக்கா? நான் அட்டை வச்சிருப்பேன்னு நீயும் நினைச்சே, இல்ல?"

சின்ன வயதில் அவன் சொல்கிற பொய்யை அவன் முகத்தைப் பார்த்தே அவள் கண்டுபிடிப்பாள். இன்று அவன் கண்டுபிடித்துவிட்டான். அவள் தலை குனிந்து நின்றாள். கண்ணீர் செருப்பில் விழுந்தது. அவன் அழாதே என்று சொல்லவில்லை. முன்பெல்லாம் சொல்லியிருப்பான்.

"உன் தலையில கைவச்சுச் சத்தியம் பண்ணினேனேக்கா" என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

இன்னொரு வேன் வந்தது. எழுந்துபோய்த் திறந்துவிட்டு வந்தான். திரும்பி வந்தபோது அவன் குரல் சாதாரணமாக இருந்தது. அந்தச் சாதாரணம்தான் அவளுக்குத் தாங்கவில்லை.

"அந்த போர்டை என்ன பண்ணப்போற?"

"உன்னைக் கேட்டுத்தான்..."

"சரி பண்ணிடு. என் இடத்துக்குப் புதுசா ஒருத்தன் வந்திருக்கான். கல்யாணம் ஆகி ஒரு மாசம்கூட ஆகலை. தினமும் எனக்கு ரெண்டு கையாலயும் கும்பிடு போட்டுட்டு உள்ள போறான்."

"சரி பண்ணிட்டா அந்த முள்ளு மறுபடி வராதுடா. யார் கேட்டாலும் காட்ட முடியாது. இந்தப் படம் ஒண்ணுதான் மிஞ்சும்."

"அதையும் அழிச்சிடு. உன் போன்ல அது இருந்தா என்னைக்காவது ஒருநாள் ரோஷம் வந்து யார்கிட்டயாவது போய்க் காட்டுவே. அப்புறம் இதுவும் போயிடும்." நாற்காலியின் கையைத் தட்டிக் காட்டினான்.

போனைத் திரும்ப வாங்கி, அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் படத்தை அழித்தாள். இரண்டு தரம் தவறாக அழுத்தினாள். அவன் பொறுமையாகக் காத்திருந்தான்.

கடைக்குத் திரும்பியபோது எல்லோரும் சாப்பிட்டுவிட்டு வந்திருந்தார்கள். பற்றவைக்கும் கம்பியைச் சூடாக்கி, அந்தக் கெப்பாசிட்டரின் காலில் ஒரு சொட்டு ஈயம் வைத்தாள். அதற்கு மூச்சு இழுத்துவிடும் நேரம்கூட ஆகவில்லை. பழைய விரிசல் உருகி, வெள்ளிப் பொட்டு மாதிரி பளபளப்பாயிற்று. பிறகு லெவலை ஒன்றே முக்காலில் வைத்தாள். போதாது என்று ஒன்றுக்கு இறக்கினாள். சாணை மெஷினைப் போட்டாள், அணைத்தாள், போட்டாள், அணைத்தாள். கை வலிக்கும்வரை செய்தாள். "என்ன மின்னல் அக்கா, சுவிட்சுக்கு உடற்பயிற்சியா?" என்று யாரோ கேட்டார்கள். சிரித்தார்கள். அவள் திரும்பவே இல்லை. திரை வெறுமையாக இருந்தது. இந்தத் தடவை நிஜமாகவே ஒன்றும் வரவில்லை.

சாயங்காலம் போர்டை வாங்கிப்போக ஃபோர்மேனே வந்தார். நல்ல உற்சாகத்தில் இருந்தார்.

"என்ன மேடம், மின்னல் ஏதாவது புடிச்சுதா?"

முதலாளி சிரித்தார். மேசைகளில் இருந்தவர்களும் சிரித்தார்கள். மின்னல் அக்கா போர்டைப் பழைய காகிதத்தில் சுற்றினாள், கயிறு போட்டுக் கட்டினாள், முடிச்சை இறுக்கினாள். காக்கிச் சட்டையும் நாற்காலியும் கண்ணுக்கு முன்னால் நின்றன.

"ஒண்ணும் இல்லை. நல்லா இருக்கு" என்றாள்.

"நான்தான் அன்னைக்கே சொன்னேனே!" என்று ஃபோர்மேன் பொட்டலத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்பினார்.

"ஒரு நிமிஷம்" என்று அவள் பின்னாலேயே வாசல்வரை போனாள். "கேட்டுல என் தம்பி இருப்பான். போர்டு நல்லா இருக்குன்னு அக்கா சொன்னாங்கன்னு அவன்கிட்டச் சொல்லிடுங்க."

"அதுக்கென்ன, சொல்லிட்டாப் போச்சு" என்று சிரித்துக்கொண்டே வண்டியில் ஏறினார் அவர். சொன்னாரா இல்லையா என்று அவள் தம்பியிடம் கேட்கவே இல்லை.